பாலில் உப்பு

துறையின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மாணவச் செல்வங்கள் இருவர் வந்து கேட்டபோது, பழந்தமிழர் உணவு என்றோ, இலக்கியத்தில் விருந்தோம்பல் என்றோ ஏதேனும் எழுதித் தருவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கும் முதலில் அந்த எண்ணமே இருந்தது. எழுத அமர்ந்தபோதோ, கடந்த ஆண்டு என் தாயாரின் அடுப்படியில் நிகழ்ந்த ஒன்றே திரும்பத் திரும்ப நினைவில் வந்து நின்றது. அது ஒரு மேல்நாட்டுப் பண்டத்தைப் பற்றியது. பாஸ்தா என்பது அதன் பெயர். பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்து இருபது நிமிடத்தில் சமைத்து முடிப்பது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்துப் படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

நான் இராஜபாளையத்தில் குடியிருக்கிறேன். என் தாயார் திருவில்லிபுத்தூரில், நான் பிறந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் அரைமணிப் பயணம். ஆயினும் இரண்டின் நடையும் வேறு. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் தொடங்கிய நூற்பாலையும், அதன்பின் எழுந்த ஆலைகளும் இராஜபாளையத்தை ஷிஃப்ட் கணக்கில் வாழப் பழக்கின. விடியலில் ஆலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருள் பிரியுமுன் உலை கொதித்தாக வேண்டும். விரைந்து சமைப்பது அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. திருவில்லிபுத்தூரோ பால்கோவாவின் ஊர். அங்கே யாரும் பாலை அவசரப்படுத்த முடியாது.

பால்கோவாவை உண்டவர் பலர். கிண்டுவதை நின்று பார்த்தவர் சிலரே. அகன்ற இரும்புச் சட்டியில் பசும்பாலை ஊற்றி, கீழே விறகுத் தீ எரிய, ஓர் ஆள் இடைவிடாது துழாவிக்கொண்டே இருப்பார். பால் பொங்கும், அடங்கும், சுண்டும். சர்க்கரை விழுந்தபின் இளகிப் பிறகு மீண்டும் இறுகும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கை ஓயக்கூடாது. ஒரு நொடி அசந்தாலும் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்த வாடை முழுச்சட்டியையும் கெடுத்துவிடும். பத்து லிட்டர் பாலும் ஒன்றேகால் கிலோ சர்க்கரையும் சேர்ந்தால் மூன்று கிலோவை ஒட்டிக் கோவா கிடைக்கும். மற்றதெல்லாம் நீராவியாகப் போய்விடும். 2019ஆம் ஆண்டில் இப்பண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. என் தாயார் மட்டும், “பாலுக்குக் குடுத்தாங்களா, கடைக்குக் குடுத்தாங்களா?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதற்குக் காரணம் உண்டு.

என் இளமைக் காலத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு மாடுகள் நின்றன. அத்தாவின் வருவாய் அரிசிக்கும் எண்ணெய்க்கும் சரியாகப் போய்விடும். எங்கள் பள்ளிக் கட்டணமும் பெருநாள் துணியும் பாலில் இருந்தே வந்தன. அம்மா காலையில் கறந்து, தூக்குவாளியில் எடுத்துச் சென்று ஒரு கோவாக் கடைக்கு ஊற்றுவார்கள். ஒருநாள் அந்தக் கடைக்காரர், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நான்கு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். அம்மா வாதாடவில்லை. “என் பாலை மட்டும் தனியா ஒரு சட்டியில ஊத்திக் கிண்டுங்க. நான் இங்கயே நிக்கிறேன்” என்றார்கள். அன்று அவர்கள் கொண்டு சென்றது ஐந்து லிட்டர். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உடன் நின்றேன். தீயின் வெக்கையும் புகையும் இன்னும் நினைவில் இருக்கின்றன. கோவா இறங்கியதும் தராசில் வைத்தார்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நின்றது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தார். அம்மா அந்தக் காசை வாங்கிக்கொண்டு, மறுநாளிலிருந்து வேறு கடைக்குப் பால் ஊற்றத் தொடங்கினார்கள்.

இத்தகைய ஒருவரின் மாட்டைத்தான் நான் விற்றேன்.

2011இல் அது நடந்தது. அத்தா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவுக்குக் கண்புரை, அறுவை செய்வதற்காக மதுரையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். அப்போது எஞ்சியிருந்தது ஒரே ஒரு மாடு. கண் தெரியாத நிலையில் சாணி அள்ளுவதும் தண்ணீர் சுமப்பதும் இனி ஆகாது என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டு, ஒரு தரகரை அழைத்து மாட்டைக் கொடுத்துவிட்டேன். கேட்டால் மறுப்பார்கள் என்பதால் கேட்கவில்லை. கண்ணில் கட்டு அவிழ்ந்து வீடு திரும்பிய அம்மா, தொழுவத்தின் வாசலில் சற்று நேரம் நின்றார்கள். பிறகு உள்ளே போய்விட்டார்கள். என்னிடம் சினந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பின் அந்த மாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. இராஜபாளையத்துக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று எத்தனை முறை அழைத்தும், “வீட்டைப் பூட்டிப் போட்டா கறையான் ஏறிரும்” என்று கூறி மறுத்துவிட்டார்கள்.

பிறகு சர்க்கரை நோய் வந்தது. பால்கோவா மணத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு இனிப்பு விலக்கப்பட்டது. பற்களும் ஒவ்வொன்றாகப் போயின. சென்ற ஆண்டு விடாத காய்ச்சல் ஒன்று இரண்டு வாரம் படுத்தி எழுப்பியபின், உணவின் மீதே வெறுப்பு வந்துவிட்டது. கஞ்சி கசக்கிறது, இட்லி தொண்டையில் நிற்கிறது, சோறு வேண்டாம். ஒரு தம்ளர் பால் மட்டும், அதுவும் சர்க்கரை இல்லாமல், பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். நாளுக்கு நாள் கை மெலிந்துகொண்டே வந்தது. நான் பேருந்தேறிப் போவதும், பார்ப்பதும், ஒன்றும் செய்ய இயலாமல் திரும்புவதுமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில் சென்னையில் விடுதியில் தங்கிப் பயிலும் என் மகள் விடுமுறைக்கு வந்தாள். அறைத் தோழியிடம் கற்றதாகச் சொல்லி, இராஜபாளையத்து வீட்டில் ஒரு ஞாயிறன்று பாஸ்தா செய்ய முனைந்தாள். என் துணைவியார் தம் தாய்வீடு சென்றிருந்தார். எடுபிடி வேலைக்கு நான். வெண்ணெயும் மாவும் பாலும் சேர்ந்து வழுவழுவென்று வந்த குழம்பில் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுவிட்டு, “அத்தா, கொஞ்சம் பாத்துக்குங்க” என்று அவள் கைப்பேசியை எடுக்கப் போனாள். நான் ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. நம் நாக்குக்குப் புளிப்பு வேண்டுமே என்று அரை எலுமிச்சையைப் பிழிந்து, தீயையும் தூண்டிவிட்டேன். அவள் திரும்பி வருவதற்குள் சட்டியில் வெள்ளைக் கட்டிகள் ஒருபுறம், மஞ்சள் நெய் ஒருபுறம், தெளிந்த நீர் ஒருபுறம் எனப் பிரிந்து நின்றன. பால்காரியின் மகன் பாலைத் திரிய வைத்த கதை இது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பின்னர் மகள் எனக்கு விளக்கினாள். அவள் படிப்பது உணவு அறிவியல். பாலில் கேசின் என்ற புரதம் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து மிதக்கிறது. புளிப்புப் பட்டால் அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். பன்னீர் செய்வதற்கு நாம் வேண்டுமென்றே செய்வதும் இதுதான். பாலாடைக்கட்டியை மிகுந்த சூட்டில் கொதிக்க விட்டாலோ, அதிலுள்ள புரதம் இறுகிச் சுருங்கிக் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும். நான் இரண்டு தவற்றையும் ஒருசேரச் செய்திருந்தேன். மாவு சேர்ப்பதன் பயனும் இங்கேதான் இருக்கிறது. மாவின் ஸ்டார்ச் சூட்டில் ஊதி நீரைப் பிடித்துக்கொள்கிறது. புரதத் துகள்கள் நெருங்கி ஒட்டாதவாறு இடையே நிற்கிறது.

அன்று இரவு, திரிந்த குழம்பைத் தட்டில் தள்ளிக்கொண்டே அவள் ஒன்று சொன்னாள். “அத்தா, நன்னிக்கு இதைச் செஞ்சு குடுத்தா என்ன? மெல்ல வேண்டாம். இனிப்பு இல்ல. பால்தானே.”

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி சற்றுச் செய்யாமல் போனால் தமிழாசிரியன் என்ற பெயர் எனக்குப் பொருந்தாது. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படரும் ஏடு. நாம் ‘பாலாடைக்கட்டி’ என்று வழங்கும் பண்டமோ ஏட்டிலிருந்து செய்யப்படுவதன்று. பாலை உறைய வைத்து, நீரை வடித்து, அழுத்திப் பதப்படுத்தியது. யாரோ தமிழாக்கியவர் வழுவழுப்பைக் கண்டு ஆடை என்று எண்ணிவிட்டார் போலும். பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்றுவதற்கில்லை. பாஸ்தாவுக்குத் தமிழ்ப் பெயர் தேடவேண்டாம் என்பது என் கருத்து. சேமியாவை அப்படியே ஏற்றுக்கொண்ட நாக்கு இதையும் ஏற்றுக்கொள்ளும். அதுவும் இதுவும் நெருங்கிய உறவினரே. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இப்பண்டத்தை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்றொரு கதை பரவலாக வழங்குகிறது. அவர் நாடு திரும்பியது 1295இல். அதற்கு 141 ஆண்டுகளுக்கு முன்பே, 1154இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காகத் தாம் எழுதி முடித்த நிலவியல் நூலில் அல் இத்ரீசி என்ற அறிஞர், பலெர்மோ நகருக்கு அருகிலுள்ள திராபியா என்ற ஊரில் ‘இத்ரிய்யா’ என்னும் மாவுப் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்படுவதைக் குறித்திருக்கிறார். அரபுப் பெயர் தாங்கிய அந்தக் காய்ந்த மாவிழைகள் பாஸ்தாவின் முன்னோர். நோன்புப் பெருநாளன்று நம் வீடுகளில் பாலில் வேகும் சேமியாவை எண்ணிப் பார்த்தால், மகள் செய்ய முனைந்தது அத்தனை அந்நியமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று இனிப்பு, ஒன்று உப்பு. அவ்வளவே வேறுபாடு என்று நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

அடுத்த நாள் பொருள்களை எல்லாம் பையில் கட்டிக்கொண்டு இருவரும் திருவில்லிபுத்தூர் சென்றோம். அம்மா அடுப்படி வாசலில் நாற்காலியில் அமர்ந்து, நாங்கள் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பாலாடைக்கட்டியைக் கையில் வாங்கி முகர்ந்தார்கள். “இது உறையுறதுக்கு என்ன போடுறாங்க?” நல்ல கேள்வி. மேல்நாடுகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியைக் கொண்டு பாலை உறைய வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கன்று எவ்வாறு அறுக்கப்பட்டது என்ற ஐயம் நம்மவர்க்கு எழுவது இயல்பே. மகள் உறையின் மேலிருந்த பச்சைப் புள்ளியைக் காட்டி, நுண்ணுயிரிகளிடமிருந்து பெறும் நொதியால் உறைய வைத்தது இது, விலங்கின் பொருள் எதுவும் இதில் இல்லை என்று விளக்கினாள். அம்மா தலையசைத்தார்கள்.

மகள் இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, இரண்டு தேக்கரண்டி உப்பிட்டு, 200 கிராம் பாஸ்தாவை அதில் கொட்டினாள். உறையில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. பல் இல்லாதவர்களுக்காக இன்னும் மூன்று நிமிடம் கூட்டி வேக வைத்தாள். வடிக்கும்போது அந்த நீரில் ஒரு தம்ளர் எடுத்து வைத்துக்கொண்டாள். வடிகஞ்சியைப் போல அது மாவுச்சத்து நிறைந்தது, குழம்பு இறுகினால் இளக்குவதற்கு உதவும். மற்றோர் அடுப்பில் 30 கிராம் வெண்ணெய் உருகியது. இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு வதக்கி, 30 கிராம் மைதாவை அதில் தூவிச் சிறு தீயில் பச்சை வாடை போகும்வரை கிளறினாள். நிறம் மாறவிடவில்லை. அடுத்து அரை லிட்டர் பாலைக் கையில் எடுத்தாள்.

“என்ன தாயி செய்ற?” என்றார்கள் அம்மா.

“பால் ஊத்தப் போறேன், நன்னி.”

“மாவுலயா?”

“ஆமா.”

“பாலும் மாவும் ஒண்ணாச் சேரக் கூடாது. கோவாவுல மாவு சேக்கிறவன் களவாணி.”

அம்மா சொன்னதில் பிழை இல்லை. எடை கூட்டுவதற்காகக் கோவாவில் மாவு கலப்பது பழைய மோசடி. ஒரு சொட்டு அயோடின் கரைசலை விட்டால் நீலநிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதை நம் வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். அம்மாவுக்கு அயோடின் தேவையில்லை. விரலால் தேய்த்தே சொல்லிவிடுவார்கள். ஐந்து லிட்டர் பாலுக்காக அடுப்பின் முன் நின்றவர்களின் வீட்டு அடுப்பிலேயே பாலில் மாவு விழப் போகிறது. என்ன சொல்வது என்று தெரியாமல் நான் நின்றேன்.

மகள் தயங்கவே இல்லை. பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் துழாவிக்கொண்டே சொன்னாள். “நன்னி, சொல்லாம போட்டாத்தான் களவு. நாம உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான போடுறோம்.”

அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் பாஸ்தா வடித்த பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

பால் கெட்டியாகிக் கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்தது. அடுத்த சிக்கல் உப்பு. மகள் ஒரு சிட்டிகை எடுத்தபோது, “பாலுல உப்பா? திரிஞ்சு போகும். ஆகாது” என்று அம்மா எழுந்தே விட்டார்கள். பாலில் உப்பிடுவது நம் பக்கத்தில் தகாத செயலாகவே கருதப்பட்டு வருகிறது. இந்தச் சிறிய அளவு உப்பு பாலைத் திரிய வைக்காது, புளிப்புத்தான் திரிய வைக்கும் என்று மகள் கூறினாள். முதல்நாள் நான் எலுமிச்சை பிழிந்த கதையையும் விடாமல் சொல்லி வைத்தாள். அம்மா சிரித்தார்கள். இரண்டு மாதங்களில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. பாலாடைக்கட்டியிலேயே உப்பு இருப்பதால் உண்மையில் மிகச் சிறிதளவே போதுமாயிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய பாலாடைக்கட்டி 100 கிராமைப் போடப் போகும்போது அம்மா அருகில் வந்துவிட்டார்கள். “மெதுவா. ஒரே பக்கமாத் துழாவு. ஓரத்தை வழிச்சு உள்ள தள்ளு. அடி தெரியணும்” என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள், “கரண்டியை இங்க குடு” என்று வாங்கிக்கொண்டார்கள். மெலிந்த அந்தக் கை சட்டியின் அடியை ஒட்டி ஒரே சீராகச் சுழன்றது. இழுபட்டுக் கிடந்த துருவல்கள் கரைந்து, குழம்பு பட்டுப் போல மின்னியது. கோவாவுக்கு ஒரு மணி நேரம். இதற்கு இரண்டே நிமிடம். கை என்னவோ அதே கைதான். வெந்த பாஸ்தாவைக் கொட்டி, வடித்த நீரில் கொஞ்சம் விட்டு இளக்கி, மிளகைப் பொடித்துத் தூவியதும் வேலை முடிந்தது.

சிறு கிண்ணத்தில் கொடுத்தோம். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு கரண்டி வாயில் இட்டு, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தார்கள். மகளும் நானும் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றோம். அவர்கள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கரண்டி போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

“பாக்கெட் பால்” என்றார்கள். “கறந்த பாலா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.”

கிண்ணம் காலியாயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு அம்மா உட்கார்ந்து உண்டு முடித்த உணவு அது. மருத்துவரைக் கேட்டோம், மாவுப் பண்டம் என்பதால் அளவோடு கொடுங்கள், ஆனால் சாப்பிடுகிறார்கள் என்பதே பெரிது என்றார். அதன்பின் வாரம் இருமுறை மகளும், அவள் சென்னை திரும்பியபின் நானும் செய்து கொடுத்தோம். மைதாவுக்குப் பதில் கோதுமை மாவும் ஆகும் என்று கண்டேன். நிறம் சற்று மங்கும், அவ்வளவே. எலுமிச்சையின் பக்கம் மட்டும் போவதில்லை. ஒரு மாதத்துக்குள் அம்மா இட்லிக்கும் குழைந்த சோற்றுக்கும் திரும்பிவிட்டார்கள். இறைவனுக்கே புகழ் அனைத்தும்.

அந்த முதல்நாள் மாலை நாங்கள் புறப்படும்போது நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்து, கோபுரத்தின் மேல்நிலைகளில் மட்டும் ஒளி இருந்தது. கதவு வரை வந்த அம்மா, யாரிடமோ கேட்பதைப் போலத் தெருவைப் பார்த்தபடியே கேட்டார்கள்.

“அந்த மாட்டை எவ்வளவுக்குக் குடுத்த?”

எனக்குச் சட்டென்று நா எழவில்லை. “பதினெட்டாயிரம்” என்றேன். “உங்ககிட்டக் கேட்டிருக்கணும், அம்மா. கேக்காமச் செஞ்சது தப்பு.”

அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

“ரெண்டாவது ஈத்து. நேரத்துக்கு நாலு லிட்டர் கறக்கும்” என்றார்கள். “ஏமாந்து போயிட்ட. இருவத்தஞ்சுக்குக் குறைஞ்சு குடுத்திருக்கக் கூடாது.”

பிறகு என் மகளை அழைத்து, அடுத்த முறை வரும்போது பால் வாங்கி வர வேண்டாம், எதிர்வீட்டில் மாடு நிற்கிறது, நானே சொல்லி வைக்கிறேன் என்றார்கள்.